பெட்டிக்குள் இருக்கும் வயலினும் காதுக்குள் ஓடும் பாட்டும்

கேள்வி: எங்கள் மகளுக்கு 14 வயது. எட்டு வயதில் அவளாகவே ஆசைப்பட்டு வயலின் வகுப்பில் சேர்ந்தாள். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கற்றாள். மூன்று கிரேடு தேர்வுகளில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறினாள். கடந்த எட்டு மாதங்களாக வயலினைத் தொடவே இல்லை. பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் அவளை ஒருநாளும் திட்டியதில்லை. விருந்தினர் வந்தால் வாசித்துக் காட்டச் சொல்வோம், அவ்வளவுதான். சில சமயம் பிடித்த பாட்டு ஒன்றைக் காதால் கேட்டு வாசித்துப் பார்ப்பாள். முதலில் பாடத்தை முடி என்று சொல்லியிருக்கிறேன். அவளோடு சேர்ந்த 11 பேரில் இப்போது 4 பேர்தான் வகுப்புக்கு வருகிறார்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். இந்தத் தலைமுறைக்கே இசையில் ஆர்வம் குறைந்துவிட்டதா? செல்பேசிதான் காரணமா? கட்டாயப்படுத்தித் தொடர வைக்கலாமா, அல்லது வயலினை விற்றுவிடலாமா? எனக்கு இசை தெரியாது. கற்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால்தான் மனம் கேட்கவில்லை.

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 31 ஆண்டுகளாக வயலின் கற்பித்து வருகிறேன். பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களைப் போல நடந்ததை நடந்தபடி, தம் பக்கத்தையும் மறைக்காமல் எழுதியவர்கள் குறைவு. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விருந்தினர் முன் வாசிக்கச் சொன்னது, பிடித்த பாட்டை முயன்றபோது பாடத்தை நினைவூட்டியது, பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது ஆகிய மூன்றையும் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருவதற்கு முன், தலைமுறையைப் பற்றிய உங்கள் பெரிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

இசையின் மீதான ஆர்வம் குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. இன்றைய இளையோர் கேட்கும் அளவுக்கு எந்தத் தலைமுறையும் இசை கேட்டிருக்க முடியாது. 2022ஆம் ஆண்டிலேயே ஆப்பிள் மியூசிக் தன்னிடம் 10 கோடிப் பாடல்கள் இருப்பதாக அறிவித்துவிட்டது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் உறங்காமல் கேட்டாலும் தீராத அளவு அது. குறைந்திருப்பது வாசிப்பதற்கான தேவை. 1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கும் வரை, ஒரு வீட்டில் இசை ஒலிக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் யாராவது பாட வேண்டும், வாசிக்க வேண்டும், அல்லது பாடுபவரையும் வாசிப்பவரையும் தேடிப் போக வேண்டும். கேட்கும் ஆசையே கற்கும் ஆசைக்கு வழிவகுத்தது. ஒலிப்பதிவு வந்த பிறகு இந்த இரண்டும் மெல்ல மெல்லப் பிரிந்தன. இன்று முற்றிலும் பிரிந்துவிட்டன. உங்கள் மகளுக்குப் பாட்டு கேட்பதற்கு வயலின் தேவையில்லை. தேவை போன பின்னும் ஒரு கலை நிலைக்க வேண்டுமானால், அது வாசிப்பதில் கிடைக்கும் இன்பத்தையோ, கூட வாசிப்பவர்களின் தோழமையையோ ஊன்றித்தான் நிற்க வேண்டும். நாம், அதாவது ஆசிரியர்களும் பெற்றோரும், அந்த இரண்டையும் போதுமான அளவு கொடுக்காமல், பழைய தேவை இன்னும் இருப்பதாக எண்ணிக்கொண்டு பழைய முறையிலேயே கற்பித்துக்கொண்டிருக்கிறோம். குறை இருக்கும் இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கவலை புதியதும் அல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற பேண்டு இசைத் தலைவர் ஜான் ஃபிலிப் சூசா, இசைத்தட்டும் தானாக வாசிக்கும் பியானோவும் பரவத் தொடங்கியிருந்த 1906இல், இந்த இயந்திரங்கள் வந்தால் வீடுகளில் ஆசைக்காக வாசிப்பவர்கள் அற்றுப்போவார்கள், குழந்தைகள் சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சி, செய்யும் உழைப்பை வெறுப்பார்கள் என்று எழுதினார். அவர் அஞ்சியதில் ஒரு பகுதி நடக்கவும் செய்தது. 1909இல் அந்த நாட்டில் ஓராண்டில் மட்டும் சுமார் 3,60,000 பியானோக்கள் செய்யப்பட்டன. பிறகு வானொலியும் இசைத்தட்டும் வீடுகளுக்குள் நுழைய, அவற்றோடு பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, 1930களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலே நிலைகுலைந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்ததை 7 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதன் பின் கிட்டார் வேண்டுமென்று கடைகளை மொய்த்தவர்கள், வானொலி கேட்டே வளர்ந்த பிள்ளைகள்தாம். 2020இல் பெருந்தொற்று உலகை வீட்டுக்குள் அடைத்தபோது, ஃபெண்டர் போன்ற கிட்டார் நிறுவனங்கள் தங்கள் வரலாற்றிலேயே மிகுதியாக விற்றதாக அறிவித்தன. அப்போதும் எல்லோர் கையிலும் செல்பேசி இருந்தது. கூடுதலாக இருந்தது ஓய்வு நேரம் மட்டுமே.

ஆகவே, தம்மையொத்த வயதினர் வாசிப்பதைக் கண்ணால் பார்க்கும்போதும், மனம் அலைய இடம் தரும் நேரம் கிடைக்கும்போதும், இளையோர் இசைக்கருவியைத் தாமாகவே எடுக்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எடுப்பதைவிட விடாமல் இருப்பதுதான் கடினம். கிட்டார் வாங்கும் புதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஓராண்டுக்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்று அதே ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமை அதிகாரியே கூறியிருக்கிறார். உங்கள் மகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாசித்திருக்கிறாள். அவளை ஆர்வம் இல்லாதவள் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

செல்பேசிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது நேரத்தைத் தின்கிறது என்பது உண்மை. அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் விரிக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அது காதுக்குச் செய்யும் வேலை. வயலினில் கிட்டாரில் இருப்பது போன்ற தடுப்புக் கட்டைகள் கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதை விரலே கற்றுக்கொள்ள வேண்டும். முழு அளவு வயலினில் முதல் விரல் விழும் இடத்தில், சரியான புள்ளியிலிருந்து மூன்று மில்லிமீட்டர் விலகினாலே சுருதி பிசகியது காதுக்குத் தெரியும். மேலே போகப்போக அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். வலது கையில் வில்லின் அழுத்தம், வேகம், அது தந்தியைத் தொடும் இடம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துவர வேண்டும். ஒன்று தவறினாலும் ஓசை கீச்சிடும் அல்லது கம்மிப்போகும். இதனால் வயலின் கற்கும் எவரும் முதல் சில ஆண்டுகள் அழகில்லாத ஓசையோடுதான் வாழ்ந்தாக வேண்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முன்பு அந்த ஆண்டுகளைத் தாண்டுவது எளிதாக இருந்ததற்குக் காரணம், சுற்றிலும் கேட்ட இசையிலும் மனிதக் கையின் தடுமாற்றம் இருந்ததுதான். பக்கத்து அறையில் அண்ணன் வாசிப்பான், அவனும் பிசகுவான். 1997இல் ஆட்டோட்யூன் என்ற மென்பொருள் வந்தது. எண்ணெய்க் கிணறுகளைக் கண்டறிய நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டிபிராண்டு என்ற பொறியாளர் உருவாக்கியது அது. பாடகரின் குரல் சுருதியிலிருந்து விலகினால் அதுவே திருத்திவிடும். தாளத்தை நூல் பிடித்தாற்போல நேராக்கும் கருவிகளும் அதோடு சேர்ந்தன. இன்று உங்கள் மகளின் காதில் நாள் முழுவதும் ஓடும் பாட்டுகளில் மிகப் பல, சுருதியும் தாளமும் இயந்திரத்தால் நேராக்கப்பட்டவை. காணொளிகளில் அவள் பார்க்கும் அவள் வயதுப் பிள்ளைகளின் வாசிப்போ, ஐம்பது முறை பதிவு செய்து, சரியாக வந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டியது. தவறிய நாற்பத்தொன்பதையும் யாரும் காட்டுவதில்லை. இவற்றையே கேட்டுப் பழகிய காதோடு அவள் தன் வயலினை எடுக்கிறாள். முதல் வில்வீச்சிலேயே தன் ஓசை அவளுக்குப் பிடிக்காமல் போகிறது.

எட்டு வயதில் இந்தப் பிரச்சினை இல்லை. அந்த வயதில் ஒரு பாட்டின் சாயல் வந்தாலே குழந்தைக்குப் பெருமகிழ்ச்சி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் காது திடீரென்று கூர்மையாகிறது. கை அதே வேகத்தில் வளர்வதில்லை. காது கேட்க விரும்புவதற்கும் கை கொடுக்க முடிவதற்கும் இடையில் ஒரு பள்ளம் விழுகிறது. என் அனுபவத்தில், பாதியில் நின்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தப் பள்ளத்தில்தான் நின்றார்கள். அவர்கள் தங்களுக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தன் பிசகு தனக்கே கேட்கத் தொடங்கியிருப்பது உண்மையில் இசைவளர்ச்சியின் பெரிய படி என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. பல ஆண்டுகள் நானும் சொல்லவில்லை. உங்கள் மகள் வயலினை வைத்துவிட்டதற்குக் காரணம் ஆர்வக் குறைவாக இருக்காது, அவள் காது முன்பைவிட நன்றாகக் கேட்பதாகவே இருக்கலாம் என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணை விருந்தினர் முன் வாசிக்கச் சொன்னால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் பெருமையால் சொன்னீர்கள். அவளோ, தனக்கே பிடிக்காத ஓசையை, அதைக் கேட்க வராத மனிதர்கள் முன்னால், மறுக்கவும் முடியாமல் எழுப்ப வேண்டியிருந்தது. பதின்பருவத்தில் தன்னைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் மற்ற எந்த வயதையும்விடக் கனமானது. விருந்தினர் "நன்றாக இருந்தது" என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல் உண்மையில்லை என்று தெரியுமளவுக்கு அவள் காது தேறியிருந்தது. திட்டுவது மட்டும்தான் ஒரு பிள்ளையைக் கருவியிலிருந்து விலக்கும் என்பதில்லை, ஐயா.

அடுத்து, அவள் பிடித்த பாட்டைக் காதால் கேட்டு வாசிக்க முயன்றதைப் பற்றி. இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் சற்று அழுத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஜேம்ஸ் ரென்விக், கேரி மக்பெர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளாரினெட் கற்கும் ஒரு சிறுமி வீட்டில் செய்த சாதகத்தை அவர்கள் காணொளியாகப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர் கொடுத்த பாடங்களை வாசித்தபோது, தாளில் இருந்த ஒவ்வொரு சுரத்துக்கும் அவள் சராசரியாக 0.9 விநாடி செலவிட்டாள். அதாவது ஏறக்குறைய ஒருமுறை வாசித்துவிட்டுக் கடந்துபோனாள். அவளாகக் கேட்டு வாங்கிய ஒரு பாட்டை வாசித்தபோது அது 9.8 விநாடியாக உயர்ந்தது. பிசகிய இடத்துக்குத் திரும்பினாள், விரலை மட்டும் அசைத்துப் பார்த்தாள், மெதுவாக வாசித்தாள். ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் செய்யச் சொல்லும் அத்தனையையும் யாரும் சொல்லாமலே செய்தாள். அதே சிறுமி, அதே கருவி. ஒரு பிள்ளையை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. ஆனாலும் என் வகுப்பறையில் நான் கண்டுவருவதும் இதுவே.

காதால் கேட்டு ஒரு பாட்டை விரலில் கொண்டுவருவது விளையாட்டு வேலை அல்ல. முதல் சுரம் எது என்று தேட வேண்டும், பாட்டின் போக்கை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், தவறினால் எங்கே தவறியது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். பாடப் புத்தகம் இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை. கேட்கும் உலகமும் வாசிக்கும் உலகமும் பிரிந்துவிட்டன என்று மேலே சொன்னேன். உங்கள் மகள் அந்த இரண்டையும் தானாகவே இணைக்க முயன்றுகொண்டிருந்தாள். "முதலில் பாடத்தை முடி" என்ற சொல் அந்த இணைப்பைத்தான் நிறுத்தியது. நீங்கள் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. ஒழுங்கு வேண்டும் என்ற அக்கறையில் சொன்னீர்கள். இசை தெரிந்த ஆசிரியர்களே இதைச் சொல்கிறோம்.

நானும் சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் படித்தான். நல்ல கை, அதைவிட நல்ல காது. உயர்நிலைத் தேர்வு ஒன்றுக்காக மூன்று உருப்படிகளை மட்டும் ஓராண்டு முழுவதும் அவனிடம் வாசிக்கச் சொன்னேன். வேறு எதையாவது வாசிக்கலாமா என்று அவன் கேட்டபோதெல்லாம் தேர்வு முடியட்டும் என்றேன். தேர்வு முடிந்தது, மிகச் சிறந்த மதிப்பெண். மறுவாரம் அவன் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. அவனுக்கு அந்த ஓராண்டில் நான் கற்பித்தது, வயலின் என்பது ஒருநாள் முடிந்துபோகும் வேலை என்பதைத்தான். அந்தப் பிழையை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் மகளும் மூன்று தேர்வுகள் எழுதியிருக்கிறாள் என்று படித்ததும் அவன் நினைவு வந்தது. தேர்வே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சில பிள்ளைகளுக்கு அது ஊன்றுகோல். தேர்வுக்கு வெளியே எதுவுமே இல்லாமல் போவதுதான் கேடு. பள்ளிகளும் இதில் துணைசெய்வதில்லை. இங்கிலாந்தில் 2010இல் பள்ளிகளை அளவிடக் கொண்டுவந்த பாடத்தொகுப்பில் கலைப்பாடங்களுக்கு இடம் தரப்படவில்லை. அதற்குப் பின் பள்ளியிறுதியில் இசையைப் பாடமாக எடுப்போர் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். மதிப்பெண்ணுக்கு உதவாத எதுவும் பதினான்கு வயதில் முதலில் கைவிடப்படுகிறது.

11 பேரில் 4 பேர் என்ற கணக்கும் என்னை நிறுத்தியது. ஆனால் உங்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு: அந்த 11 பேரும் எத்தனை முறை சேர்ந்து வாசித்தார்கள்? பெரும்பாலான இடங்களில் ஆசிரியரும் மாணவரும் தனியாக அரை மணி நேரம், பிறகு ஆறு நாள் மூடிய அறையில் தனிச் சாதகம் என்பதே வழக்கமாகிவிட்டது. உலகில் எங்கும் இசை இப்படித் தனிமையில் பிறந்ததில்லை. ஜப்பானில் ஷினிச்சி சுசுகி தம் வயலின் பள்ளியை நடத்தியபோது, குழந்தை தாய்மொழியைக் கற்பது போலச் சுற்றிலும் கேட்டு, பிறரோடு சேர்ந்து கற்க வேண்டும் என்று வகுத்தார். தனி வகுப்போடு கூட்டு வகுப்பையும் கட்டாயமாக வைத்தார். வெனிசுவேலாவில் ஹோசே அன்டோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய இளையோர் இசைக்குழு இயக்கத்தில், தனியாகத் தேறிய பிறகு குழுவில் சேர்வது என்ற வரிசையே கிடையாது. குழுவில் உட்கார்ந்துதான் கற்கவே தொடங்குகிறார்கள். சேர்ந்து வாசிக்கும்போது ஒருவரின் பிசகு மற்றவரின் ஓசைக்குள் கரைந்துவிடும். தன் பங்கு சிறியதாக இருந்தாலும் ஒலிப்பது முழுப் பாட்டாக இருக்கும். காதுக்கும் கைக்கும் இடையில் விழும் பள்ளத்தைக் கடக்க இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை. நாளை நான் வரவில்லையென்றால் நால்வர் காத்திருப்பார்கள் என்ற எண்ணம், எந்தப் பெற்றோரின் அறிவுரையைவிடவும் வலிமையானது.

இனிச் செய்ய வேண்டியது. கட்டாயப்படுத்த வேண்டாம். அதே நேரத்தில், எட்டு மாதமாக இருப்பது போலப் பேசாமலும் விட்டுவிட வேண்டாம்; பேசாமல் இருப்பதை அவள் கோபம் என்றோ கைவிட்டுவிட்டார்கள் என்றோ எடுத்துக்கொள்ளக்கூடும். அவளோடு ஒருமுறை அமைதியாக உட்கார்ந்து, விருந்தினர் முன் வாசிக்கச் சொன்னதும், அவள் பாட்டைத் தேடியபோது தடுத்ததும் உங்கள் பிழை என்று சொல்லுங்கள். காரணமோ விளக்கமோ சேர்க்காமல் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தந்தை வாயால் இதைக் கேட்பது பெரிய விஷயம். பிறகு, வயலினில் அவளுக்கு எது சலித்தது என்று கேளுங்கள்: கருவியா, பாடங்களா, தேர்வா, தன் ஓசையா, வகுப்பா. அவள் தெரியாது என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றே பதில் வர வேண்டியதில்லை.

அவளுக்கு ஒப்புதல் இருந்தால் மூன்று மாதம் மட்டும் வைத்துப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் தேர்வு இல்லை, பாடப் புத்தகம் இல்லை. அவள் தேர்ந்தெடுக்கும் பாட்டு எதுவானாலும் சரி. உங்களுக்குப் பிடிக்காத பாட்டாக இருந்தாலும் சரி. நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் கதவை மூடிக்கொண்டு வாசிக்க அவளுக்கு உரிமை வேண்டும். வெளியே வந்ததும் "இன்று நன்றாக இருந்தது" என்றுகூடச் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இப்படி ஒரு வேண்டுகோளோடு வரும் பெற்றோரை நல்ல ஆசிரியர் வரவேற்பார்; தேர்வில்லாமல் எனக்கு நேரமில்லை என்று அவர் சொன்னால், இந்த மூன்று மாதத்துக்காவது வேறு ஆசிரியரைத் தேடுவதில் தவறில்லை. இன்னும் வகுப்புக்கு வரும் அந்த நால்வரில் ஒருவரோ இருவரோ அவளோடு வாரம் ஒருமுறை சேர்ந்து வாசிக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வயலின்களுக்கான எளிய உருப்படிகள் நிறைய இருக்கின்றன. நான் எழுதியவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

எத்தனை காலம் வாசிப்பாய் என்று அவளிடம் உறுதிமொழி வாங்காதீர்கள். மேலே குறிப்பிட்ட மக்பெர்சன், ஆஸ்திரேலியாவில் கருவி கற்கத் தொடங்கிய 157 குழந்தைகளிடம் முதல் வகுப்புக்கு முன்பே, எவ்வளவு காலம் வாசிப்பதாக எண்ணுகிறீர்கள் என்று கேட்டு, பின்னர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். நீண்ட காலம் வாசிப்பதாகத் தம்மை எண்ணிக்கொண்ட குழந்தைகள், மற்றவர்கள் அளவே சாதகம் செய்தபோதும் கூடுதலாக முன்னேறினார்கள். தான் வாசிப்பவள் என்று ஒரு பிள்ளை தன்னைப் பற்றி எண்ணுவது அவ்வளவு வலுவானது. அந்த எண்ணம் அவளுக்குள்ளிருந்து வர வேண்டும். வெளியிலிருந்து வாங்கும் உறுதிமொழி அதற்கு ஈடாகாது.

உங்களைப் பற்றியும் ஒரு சொல். கற்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். சுசுகியின் முறையில், குழந்தைக்கு முன் பெற்றோரில் ஒருவர் வயலினில் ஒரு சிறு பாட்டையாவது வாசிக்கக் கற்றுக்கொள்வார். உங்களுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. நீங்களும் ஏதேனும் ஒரு கருவியைக் கற்கத் தொடங்கினால், அவள் வீட்டில் தன்னைவிட மோசமாக வாசிக்கும் ஒருவரை முதன்முறையாகக் கேட்பாள்; பிசகிக்கொண்டே தொடர்வது எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்பாள். ஆனால் அவளை இழுப்பதற்கான உத்தியாக இதைச் செய்யாதீர்கள், அது உடனே புரிந்துவிடும். உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் மட்டும் செய்யுங்கள்; இருக்கிறது என்றே உங்கள் கடிதம் சொல்கிறது.

மூன்று மாதம் கழித்தும் வேண்டாம் என்று அவள் சொன்னால், அதை மதியுங்கள். சிலருக்கு வயலின் அவர்களுடைய கருவியாக இருப்பதில்லை. ஐந்து ஆண்டில் அவள் பெற்ற சுருதி உணர்வும் தாள உணர்வும் எங்கும் போய்விடாது; கிட்டாருக்கோ, புல்லாங்குழலுக்கோ, வாய்ப்பாட்டுக்கோ அவை அப்படியே கூட வரும். கணினியில் ஒலிகளை அடுக்கிப் பாட்டு அமைக்கும் இளையோரும் இன்று நிறைய இருக்கிறார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் அதையும் இசை என்றே கொள்ளுங்கள். விரல் உழைப்பு அதில் குறைவு என்பது உண்மைதான், ஆனால் கேட்பவள் செய்பவளாக மாறுவது அங்கும் நடக்கிறது.

விற்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது விற்க வேண்டாம். அவளோடு பேசுவதற்கு முன்பே அந்தப் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்குங்கள். எட்டு மாதம் கிடந்த வயலினில் தந்திகள் செத்துப்போயிருக்கும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாய்ந்திருக்கலாம், வில்லைத் தளர்த்தாமல் வைத்திருந்தால் அதன் குச்சி வளைந்திருக்கும். அப்படியே எடுத்து வாசித்தால் எவர் கையிலும் அது நல்ல ஓசை தராது. அவளோ குற்றம் தன்னுடையது என்று நினைப்பாள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் புதிய தந்திகள் போடச் சொல்லுங்கள். வயலின் எந்த அளவு என்பதையும் அப்போதே கேளுங்கள். சிறு வயதில் வாங்கியது முக்கால் அளவாகவோ அதைவிடச் சிறியதாகவோ இருந்திருக்கும்; இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை அளந்தால் 58 சென்டிமீட்டருக்கு மேல் இருக்குமானால், அவளுக்கு இப்போது முழு அளவு வயலின் வேண்டும். வளர்ந்த விரல்களோடு சிறிய வயலினில் சுருதி பிடிப்பது பெரியவர்களுக்கே கடினம். வயலினை வைத்துவிடுவதற்கு முன் அவள் தன் கையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தது, சிறியதாகிப்போன ஒரு கருவியின் பொருட்டாகவும் இருக்கலாம். பழையதைக் கொடுத்து முழு அளவை மாதவாடகைக்கு எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். தயாரானதும் அலமாரியின் மேல் வைக்காமல், அவள் அறையில் கைக்கெட்டும் இடத்தில், பெட்டியைத் திறந்தபடி வையுங்கள்.